சட்டைப் பையில் ஒரு பச்சைப் புள்ளி

துப்பாக்கிக்குக் கீழே மாட்டுகிற விளக்கைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை என்று ஊரில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஏதோ டார்ச் லைட் கடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. டார்ச் லைட் கடையாகவே இருந்திருந்தால் இத்தனை அசிங்கத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

சாமான் சின்னதுதான். இரண்டு தீப்பெட்டியை ஒட்டிவைத்த அளவு இருக்கும். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளை விளக்கு. அதற்குக் கீழே ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து பச்சை லேசர் வரும். விளக்கு எதிரில் நிற்பவனின் கண்ணைக் கூசவைத்துக் குருடாக்கும். லேசர், குண்டு எங்கே போய்ப் படும் என்று புள்ளி வைத்துக் காட்டும். விசையை ஒரு பக்கம் தள்ளினால் விளக்கு, மறுபக்கம் தள்ளினால் லேசர், அழுத்திப் பிடித்தால் இரண்டும். எங்கள் கம்பெனி இவற்றை வெளியிலிருந்து வரவழைத்து, வளைகுடா நாடுகளில் காவல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு விற்றது. கிடங்கு ஷார்ஜா தொழில்பேட்டையில். எங்கள் ரூம் துபாய் கராமாவில். காலையும் மாலையும் கம்பெனி வேனில் நெரிசலில் ஊர்ந்து போய் வருவோம்.

புது மாடல் வந்தால் முதலில் என் மேசைக்கு வரும். ஆகஸ்ட் வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டு, மத்தியானம் போய் எடுத்தால் கையில் கொப்புளம் வருகிற சூட்டில் இருக்கும். அப்போதும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஏசி அறையிலிருந்து திடீரென்று வெளியே கொண்டுபோனால், இந்த ஊர்ப் புழுக்கத்துக்குக் கண்ணாடியில் பொலபொலவென்று ஈரம் கட்டிவிடும். லேசர் புள்ளி சிதறி, சுவரில் அப்பிய பாசி மாதிரி தெரியும். குளிர் நாட்டில் உட்கார்ந்து இதைச் செய்தவனுக்கு அது தோன்றியே இருக்காது. தண்ணீர்ச் சோதனைக்குத் தனித் தொட்டி வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தரை துடைக்கும் வாளியில்தான் முக்கி எடுத்தேன், அந்த நாற்றத்தோடு.

சுட்டுப் பார்க்கும் சோதனை மட்டும் ஒழுங்காக நடக்கும். அதற்கு உரிமம் உள்ள ஒரு சுடுதளத்துக்குப் போவோம். துப்பாக்கி அவர்களுடையது, சுடுவதும் அவர்களுடைய பயிற்சியாளர்தான். நேபாளத்துக்காரர், முன்னாள் ராணுவம். விளக்கை மாட்டிச் சுட்ட பிறகு லேசர் புள்ளி இடம் மாறியிருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். மாறியிருந்தால், பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சின்னத் திருகாணிகளைத் திருப்பிப் புள்ளியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதல் தடவை போனபோது, குண்டு இல்லாத துப்பாக்கியைத்தானே பிடித்திருக்கிறோம் என்று அதைக் கையில் வைத்தபடி அவர் பக்கம் திரும்பிவிட்டேன். மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

“பாய், காலி ஹோ யா பரா ஹோ, ஆத்மி கீ தரஃப் நஹீ” என்றார்.

காலியோ நிறைந்ததோ, மனுஷன் பக்கம் காட்டாதே. அவ்வளவுதான். அடித்த கையாலேயே தேநீரும் ஊற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து பொம்மைத் துப்பாக்கியைக்கூட நான் ஆள் பக்கம் திருப்பியதில்லை. இந்தத் தொழிலில் நான் மதித்த ஒரே விஷயம் அதுதான்.

எங்கள் மேனேஜருக்கு அந்த அடி விழவில்லை. அதுதான் கோளாறு. அவர் மெட்ராஸ்காரர், படித்தவர், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஷோரூமில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி உண்டு. எடையும் அச்சும் நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும், சுட முடியாது, விளக்கு மாட்டிக் காட்டுவதற்காக மட்டும். அதில் லேசரை மாட்டிக்கொண்டு இந்த மனிதர் கிடங்குக்குள் உலாத்துவார். எந்தப் பெட்டி வேண்டும் என்று வாயால் சொல்ல மாட்டார். பெட்டியின் மேல் பச்சைப் புள்ளியை வைப்பார். யார் எடுக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டார். அந்த ஆளின் நெஞ்சில் புள்ளியை வைப்பார். ஆள் குனிந்து தன் சட்டையைப் பார்த்து, “எஸ் சார்” என்று ஓடுவான். தாய் தகப்பன் வைத்த பெயர் எதற்கு இருக்கிறது? நாய்க்குக்கூட விசில் அடிக்கிறோம். இவருக்கு அந்தச் சத்தம்கூட வீண் செலவு. எனக்கு ஒவ்வொரு தடவையும் நாக்கில் கசப்பு ஏறும்.

அந்தப் புள்ளி அதிகமாக விழுந்தது எங்கள் கிடங்கில் பொருள் கட்டிக் கொடுக்கும் அண்ணன் ஒருவரின் சட்டையில். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல உயரம். கராமா ரூமில் எனக்கு மேல் கட்டில் அவருடையது. கம்பெனி கொடுத்த சாம்பல் நிறச் சட்டையின் பையில், பெட்டியில் எழுதுகிற மார்க்கர் பேனா ஒழுகி ஒரு கறுப்புக் கறை. எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. மேனேஜர் சரியாக அந்தக் கறையின் மேல் புள்ளியை வைப்பார். “சிலோன், இங்க வா” என்பார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

அண்ணனுக்கு இடது கண் தெரியாது என்பது ரூமில்தான் எனக்குத் தெரிந்தது. தேநீர் ஊற்றும்போது இடப்பக்கம் இருக்கும் தம்ளரை விட்டுவிட்டு மேசையில் ஊற்றினார், ஒரு தடவை இல்லை, பல தடவை. அப்புறம் குளிர்ப்பெட்டியில் முட்டை வைக்கும் குழியில் ஒரு சொட்டு மருந்துக் குப்பி. கேட்டேன்.

“கண்ணுக்குள்ள பிரஷர் தம்பி. இடது முழுக்கப் போயிட்டுது. வலதிலயும் கிடக்காம், மருந்து விட்டு விட்டுக் காப்பாத்த வேணுமாம். இந்த ஒண்டுதான் எனக்கு மிச்சம்” என்றார்.

“கம்பெனில சொல்லிட்டீங்களாண்ணே?”

“சொன்னா வைச்சிருப்பினமே? சிறுநீரகத்தில கல்லெண்டு சொன்ன பெடியனை என்ன செய்தவை எண்டு நீர் பாத்தனீர்தானே. ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்.”

நான் பார்த்ததுதான். கல் கரைவதற்குள் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எனவே வாயை மூடிக்கொண்டேன். பெட்டி கட்டுவதற்கு ஒரு கண் தாராளம். அவர் கட்டிய பெட்டியில் ஒரு திருகாணி குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை.

இனி எங்கள் கம்பெனியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லவே கூசுகிறது. வாங்குகிறவர்கள் வந்தால், ஷோரூமின் விளக்குகளை அணைத்துவிட்டு, கிடங்கு ஆள் ஒருவனைச் சுவரோரம் நிறுத்துவார்கள். நீலத் துப்பாக்கியில் மாட்டிய விளக்கை அவன் மூஞ்சியில் அடிப்பார்கள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு, தள்ளாடி, அலமாரியில் இடித்துக்கொள்வான். “பாத்தீங்களா பவரை?” என்பார் மேனேஜர். வந்தவர்கள் சிரிப்பார்கள். கண்ணில் நீர் வழிய நிற்பவனுக்கு ஒரு டப்பா மாம்பழ ஜூஸ் கொடுப்பார்கள். இதற்கு டெமோ என்று பெயர். ஜூஸ் கிடைக்கிறதே என்று சிரித்துக்கொண்டே போய் நிற்கிறவனைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அண்ணன் மட்டும் டெமோ நாட்களில் ஏதாவது லோடு இருக்கிறது என்று பின்பக்கம் போய்விடுவார். அப்படியே தப்பித்து வந்தார்.

பிறகு அந்தப் புது மாடல் வந்தது. விலை மலிவு, பளபளப்பு அதிகம். முதல் நாளே எனக்குச் சந்தேகம். பழைய மாடலின் புள்ளியையும் இதன் புள்ளியையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இதைப் பார்க்கவே முடியவில்லை, சுவரிலிருந்து திரும்பி வந்தே கண்ணைக் குத்தியது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு வெட்டி, துளைக்கு முன்னால் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் டேப்பிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. புள்ளி விழுந்த இடத்தில் ஓட்டை. அட்டைப்பெட்டியிலோ இது சாதாரண லேசர் என்று அச்சடித்திருக்கிறார்கள். துண்டை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

“சார், இது கண்ணுல பட்டா கண்ணு அவ்வளவுதான். ஆளை நிறுத்தி அடிக்கப்படாது.”

அவர் டேப்பை வாங்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். சிரித்தார்.

“டேப்பை சுடுதா? சூப்பர்பா. கஸ்டமர் கிட்ட இதையும் காட்டலாமே.”

“சார், நான் சொல்றது...”

“லேபிள்ல என்ன போட்டிருக்கு? அதானே கணக்கு. நீ ஓவரா பண்ணாதே. வியாழக்கிழமை பெரிய பார்ட்டி வர்றாங்க. சிலோனை நிறுத்து. நல்ல ஹைட், இருட்டுலயும் தெரிவான்.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, துணிக்கடையில் நிற்கிற பொம்மை ஒன்று வாங்கி நிறுத்தலாமே சார் என்று கேட்டேன். பொம்மை கண்ணைப் பொத்துமா, பவர் எப்படித் தெரியும் என்றார். அப்படியானால் நானே நிற்கிறேன் என்றேன். என் மூக்குக்கண்ணாடியைச் சுட்டிக்காட்டினார். கண்ணாடி போட்டவன் நின்றால், கண்ணாடியால்தான் கூசுகிறது என்று சொல்லிவிடுவார்களாம். இதையெல்லாம் அவர் யோசித்து வைத்திருந்தார். யோசிக்க வேண்டிய ஒன்றைத் தவிர.

அன்று ரூமில் அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

“ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிருவோம்ணே. வேலை போனாப் போகட்டும். இருக்கறது ஒரு கண்ணு” என்றேன்.

“வேலை போனா மருந்து ஆர் வாங்கித் தருவினம் தம்பி? மருந்தில்லாட்டியும் கண் போகும்தானே.”

எப்படிப் போனாலும் அந்த ஒற்றைக் கண்ணிடம்தான் போய் நிற்கிறது. சொன்னால் மெதுவாகப் போகும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை போகும். இப்படி ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தியது ஜூஸ் டப்பாவுக்குச் சிரிக்கிற ஒரு கூட்டம் என்று நினைத்தபடி, அவர் கீழே வைத்த கத்தியை எடுத்து மீதி வெங்காயத்தை வெட்டித் தள்ளினேன்.

அண்ணன் எழுந்து வெங்காயக் கையைக் கழுவினார். பிறகு குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். திரும்பி வந்தபோது வலது கண்ணை இறுக்கி மூடியிருந்தார். இடது கண் திறந்திருந்தது, என் பக்கம் பார்த்தபடி, எதையும் பார்க்காமல்.

“இப்பிடி நிக்கிறன். செத்த கண்ணுக்கு என்னத்தைக் காட்டினாலும் ஒண்டுமில்லை” என்றார். தொப்பியை வலது பக்கம் இறக்கிவிட்டுக்கொள்வாராம். விளக்கு அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் சமாளித்துவிடலாமாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். வியாழக்கிழமை காலை, நீலத் துப்பாக்கியில் அந்த லேசரை மாட்டி, திருகாணியைத் திருப்பிப் புள்ளியை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினேன். விளக்கு முகத்தில் அடித்தால் லேசர் வயிற்றில் விழும். சோதனைக்காரனாகிய நான் வேண்டுமென்றே கோணலாக வைத்த ஒரே சாமான் அதுதான். கொஞ்சமும் உறுத்தவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் இளவட்டம், போனையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் வயதானவர், அரபிகள் போடும் வெள்ளைக் கந்தூரா அங்கி, நரைத்த தாடி, போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவராம். எதையும் தொட்டுப் பார்க்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் குழைந்த குழைவைப் பார்த்திருக்க வேண்டும். அரபிக் காப்பியான காவா ஊற்றினார், பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார், தெரிந்த நாலு அரபி வார்த்தையை நாற்பது தடவை சொன்னார். பிறகு விளக்கை அணைக்கச் சொன்னார்.

அண்ணன் சுவரோரம் நின்றார். தொப்பி வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

வெள்ளை வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கண் கூசியது. அண்ணன் அசையவில்லை. கையைத் தூக்கவில்லை. தள்ளாடவில்லை. இடது கண் அந்த வெளிச்சத்துக்குள் அகல விரிந்து நின்றது, இமைகூடத் துடிக்கவில்லை. பச்சைப் புள்ளி பெல்ட்டுக்கு மேலே அசைந்துகொண்டிருந்தது.

இளவட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். “மாஃபி குவ்வா” என்றான். பவர் இல்லையாம்.

எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது என்று சொல்லத்தான் வேண்டும். ஒழியட்டும், விற்காமல் ஒழியட்டும் என்று நினைத்தேன். ஆனால் மேனேஜர் விடுகிற ஆள் இல்லை. இரண்டு எட்டு முன்னால் போனார். அண்ணன் அசையவில்லை. இன்னும் இரண்டு எட்டு. இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மேசை அளவு இடைவெளிதான். அங்கிருந்துதான் தொப்பிக்குக் கீழே மூடியிருந்த கண் அவருக்குத் தெரிந்தது.

“யோவ், என்ன ஒரு கண்ணை மூடிக்கினு நிக்கிற? ரெண்டையும் திற! திறய்யா!”

அண்ணன் திறக்கவில்லை.

“புள்ளி எங்க போவுது பாரு, வயித்துல” என்று மேனேஜர் துப்பாக்கியைத் தூக்கினார். பச்சைப் புள்ளி பெல்ட்டிலிருந்து ஏறியது. சட்டைப் பையின் மார்க்கர் கறைக்கு வந்தது. அங்கேயும் நிற்கவில்லை. கழுத்துக்கு வந்தது. தாடைக்கு வந்தது. என் திருகாணி வேலையெல்லாம் ஒரு மணிக்கட்டின் அசைவில் போயிற்று.

“திறன்னு சொல்றேன்ல!”

அண்ணனின் வலது இமை நடுங்கத் தொடங்கியது. சம்பளம் கொடுக்கிறவன் திற என்றால் திறந்துதான் பழக்கம். அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. பாய்ந்து போய் விளக்கின் முகத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்தேன். அறை இருண்டது. விரல் இடுக்கில் சிவப்பாக என் சதை தெரிந்தது. உள்ளங்கையின் நடுவில் சுருக்கென்று குத்தியது.

“கலாஸ்” என்றது ஒரு குரல், போதும் என்று. “கலாஸ். லைட் ஆன்.”

வயதானவர்தான். குழல் விளக்கு எரிந்ததும் அவர் நேராக அண்ணனிடம் போனார். கையை விரித்து இடது கண்ணுக்கு முன்னால் மெதுவாக ஆட்டினார். கண் அசையவில்லை.

“பாய், இஸ் ஆங்க் ஸே திக்தா நஹீ?” என்று கேட்டார், இந்தக் கண் தெரியாதா என்று. குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. அண்ணன் தரையைப் பார்த்தார். பெரியவர் மேனேஜர் பக்கம் திரும்பி, “ஹராம்” என்று ஒரு வார்த்தை சொன்னார், இது பாவம் என்று. பிறகு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காவா தொடாமல் ஆறிக் கிடந்தது.

அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் நல்ல மனதோடு கேட்ட அந்த ஒரு கேள்விதான் அண்ணனைக் காட்டிக்கொடுத்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. காரில் ஏறி, ஒரு அநியாயத்தைத் தடுத்தோம் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போயிருப்பார்.

மேனேஜர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆர்டர் போன ஆத்திரம் முழுவதையும் அண்ணன் மேல் கொட்டினார்.

“இத்தனை வருஷமா குருட்டுக் கண்ணை வெச்சிக்கினு கம்பெனியை ஏமாத்தியிருக்கான். சீட்டிங்பா இது!”

ஏமாற்றினாராம். அந்த வார்த்தையை இரண்டு காதாலும் கேட்டேன். இருப்பதிலேயே சுத்தமான வேலை செய்த மனிதன் ஏமாற்றுக்காரன். டேப்பை எரிக்கிற லேசருக்குச் சாதாரணம் என்று லேபிள் ஒட்டியவன் யோக்கியன். அதை மனுஷன் மூஞ்சிக்குத் தூக்கியவன் வெள்ளிக்கிழமை திருநீறு பூசிக்கொண்டு வருவான். எனக்கு அந்த ஷோரூமின் ஏசிக் காற்றே நாறியது.

அந்த மாதம் முடிவதற்குள் அண்ணனின் விசாவை ரத்து செய்தார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று காரணம். நான் மேலிடம் வரைக்கும் போய்க் கத்தினேன். கேட்டுக்கொண்டார்கள், தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். கம்பெனிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். அண்ணன் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்தார். அந்தக் கறையை எடுக்க என்னென்னவோ போட்டுத் தேய்த்துப் பார்த்தார். எதற்குண்ணே இந்தக் கரிசனம் என்று நான் எரிந்து விழுந்தேன்.

“அழுக்காக் குடுத்தா நாளைக்கு ஒரு கதை கதைப்பினம் தம்பி” என்றார்.

விமான நிலையத்தில், ரூம் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து வந்த சொட்டு மருந்தை ஈரத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பி, நடுவில் இருந்த சின்னத் தழும்பைப் பார்த்தார். தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்துப் போன் செய்தார். யாழ்ப்பாணத்தில் கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். “வலது பிழையில்லையாம் தம்பி. அப்பிடியே கிடக்காம். தங்கச்சியின்ர கடையில நிக்கிறன். நீர் சாப்பிட்டீரே?” என்றார். அந்தக் கண் தப்பித்துவிட்டது. எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல். அன்று ரூமில் அவருடைய கட்டில் காலியாக இருந்தது. வேறு ஆள் வருவதற்குள் அதில் எல்லோரும் ஈரத்துணி காயப்போட ஆரம்பித்திருந்தார்கள்.

அதே லேசரை மேனேஜர் வேறு ஒருவருக்கு விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை, “உன் ஐடியாதான்பா, நல்ல ஐடியா” என்று என் தோளைத் தட்டி, ஷோரூமுக்குக் கூட்டிப் போனார். துணிக்கடைப் பொம்மை ஒன்று சுவரோரம் நின்றது. எங்கேயோ மூடிய கடையிலிருந்து எடுத்து வந்ததாம். ஆண் பொம்மை, நல்ல உயரம், முகத்தில் கறுப்புப் பெயின்டில் இரண்டு கண்கள், இமை மயிர்கூட வரைந்திருந்தார்கள். வெறும் உடம்போடு நிற்கக் கூடாதென்று ஒரு சட்டை போட்டுவிட்டிருந்தார். சாம்பல் நிறச் சட்டை. பையில் மார்க்கர் கறை.

இவ்வளவு நாள் இது கிடைக்கவில்லையா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் இடம் கொடுக்கவில்லை. இதுக்கு விசா வேணாம், சோறு வேணாம் என்று அவர் ஏதோ ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். நீலத் துப்பாக்கியை எடுத்து என் கையில் திணித்து, புள்ளியைச் சரியாக வைத்துத் தரச் சொன்னார். நான் அதைத் தரைப் பக்கமாகவே பிடித்து விசையைத் தள்ளினேன். பச்சைப் புள்ளி டைல்ஸில் விழுந்தது. சட்டை நின்ற பக்கம் கையை உயர்த்த என்னால் முடியவில்லை.

மேனேஜர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

“பாத்துப்பா, மூஞ்சிக்கு மட்டும் தூக்கிடாதே. கண்ணுல பட்டா பெயின்ட் போயிடும்.”

விளக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, வாந்தி வரும் என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.